நீ கேட்காமல் போன பாதி

அண்ணனூர்,
வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

பூனாவுக்குப் பக்கத்தில் சாக்கனில் இருக்கும் என் மகன் ஹேமநாதனுக்கு, உன் அப்பா அப்பாவு சொல்லச் சொல்ல எழுதிய கடிதம்.

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. ஆள் பாதியாக இளைத்துவிட்டாய் என்று முகமது ஆசிக் வந்து சொல்லிவிட்டான். உன்னோடு ஐ.டி.ஐ. படித்தவன், உன்னைப் பற்றி ஏன் பொய் சொல்லப் போகிறான்? கன்டெய்னர் லாரியை எடுத்துக்கொண்டு பூனா பக்கம் போனவன், அங்கே ஒரு டீக்கடையில் உன்னைப் பார்த்திருக்கிறான். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாயாம். "மூஞ்சத் திருப்பிகினா ஆள் தெரியாமப் பூடுமா, நைனா? அவன் முதுகே எனக்குத் தெரியும்" என்று என்னிடம் சிரித்தான். நீ தங்கியிருக்கும் இடத்தையும் விசாரித்துக்கொண்டு வந்தான். இந்தக் கடிதத்தை அவனே உன் கையில் கொடுப்பான். போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். பதினைந்து மாதத்தில் பதினொரு தடவை வைத்திருக்கிறாய். கடிதத்தையும் கீழே வைக்கலாம். ஆனால் அது பேச்சை நிறுத்தாது, வைத்த இடத்திலேயே காத்திருக்கும்.

எனக்கு எழுத்து தெரியாது. மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஜெபா எழுதுகிறது. நாகர்கோவில் பெண், கம்ப்யூட்டர் வேலை. நான் பேசுவதை ஏட்டுத் தமிழில் எழுதுகிறது. மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே போடம்மா என்று கேட்டுக்கொண்டேன். உன் பெண்டாட்டி சுரேகாவுக்கு இந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியாது. உன் மகள் ரோஷினிக்குப் பள்ளிக்கூடப் பை வாங்க ஆவடிக்குப் போயிருக்கிறாள். வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

முதலில் ஒன்று. உன் மேல் கேஸ் எதுவும் இல்லை. கம்பெனிக்குத்தான் நோட்டீஸ் வந்தது. அதற்குப் பயந்து நீ அங்கே இருந்தால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் நீ போனது அதற்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

நடந்ததைச் சொல்வது உன்னைக் குத்துவதற்காக அல்ல. எனக்கு எதுவும் மறப்பதில்லை, அதுதான் என் கஷ்டம். போன வருஷம் மாசி மாதம், வியாழக்கிழமை, மதியம் இரண்டே கால். தங்கராஜ் கம்பெனியில் தகடு அடிக்கும் மூன்றாவது பிரஸ். இரண்டு பட்டனையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் தகட்டை அடிக்கிற அச்சு, மேல் டை, இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் டைக்கு அடியில் மாட்டாது. அதற்காகத்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு பட்டனைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு கை போதும், இன்னொரு கை பீஸைப் போட்டு எடுக்கும். எண்ணிக்கை ஏறும். அவசர ஆர்டர் என்று முதல் நாள் நீ வலது பட்டனைக் கட்டினாய். மறுநாள் அந்த மிஷினுக்கு ஆள் வரவில்லை, அங்கேயே வேலை பார்த்த உன் பெண்டாட்டி உட்கார்ந்தாள். வலது கையில் கட்டை விரல் தவிர நான்கும் போயிற்று.

எட்டாம் நாள் அரசாங்க ஆபீசர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து அவளை விசாரித்தார். அன்று சாயங்காலம், "பட்டன யாரு கட்னதுன்னு கேட்டதுக்கு அவளே என் பேர சொல்லிட்டாடா, இனிமே நான் எப்டி அவ மூஞ்சியில முழிப்பேன்" என்று ஆசிக்கிடம் போனில் சொல்லிவிட்டு நீ ரயில் ஏறினாய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தப் பதினைந்து மாதத்தில் அவள் என்னவெல்லாம் செய்தாள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். பணம் அனுப்புகிறாய், வந்து சேர்கிறது. ஆனால் எந்த வீட்டுக்கு அனுப்புகிறாய் என்று உனக்குத் தெரியாது.

முதல் ஒரு மாதம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பியேதான் படுத்திருந்தாள். அதை மறைத்தால் மற்றது எல்லாம் பொய்யாகிவிடும். ரோஷினி கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். கஞ்சி நான்தான் வைத்தேன், ஒரு நாள் உப்பு கூட, ஒரு நாள் உப்பே கிடையாது. ஒரு காலையில் ஒரு வாய் குடித்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கை பூட்ச்சேன்னுகூட அவ்ளோ அழுவல மாமா, இந்தக் கஞ்சிய நெனச்சாதான் அழுவ வருது" என்று சொல்லி எழுந்து சமையலறைக்குப் போனாள். எனக்கு ரோஷமாகவும் இருந்தது, கும்பிடலாம் போலவும் இருந்தது.

கத்தியை எடுத்தாள். வெங்காயம் உருண்டு ஓடியது. மூன்று தடவை குனிந்து பொறுக்கினாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, பரணில் கிடந்த உன் அம்மாவின் அருவாமனையை இறக்கித் தரச் சொன்னாள். "கத்தின்னா ஒரு கை புடிக்கணும், ஒரு கை அறுக்கணும். இது தானா நிக்குது பாரு மாமா. காயி நகுந்தா போதும்" என்றாள். அன்றைக்கு வைத்த கத்தரிக்காய்க் குழம்பு ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

அதோடு விடவில்லை. வீட்டையே கலைத்துப் போட்டாள். உப்பும் புளியும் மிளகாய்த்தூளும் இடது பக்கத்துக்கு, இடுப்பு உயரத்துக்கு வந்தன. திருகுகிற மூடி போட்ட டப்பாவையெல்லாம் கொடுத்துவிட்டு, அமுக்கித் திறக்கிறதாக வாங்கினாள். பாத்திரம் நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. ஒரு நாள் பூராவும் கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு, வேலை செய்யும்போது எத்தனை தடவை குனிகிறாள், எத்தனை தடவை திரும்புகிறாள் என்று சுவரில் கோடு போட்டாள். நூற்றுப் பத்துக் கோடு. ஒரு வாரத்தில் அதை நாற்பதாக்கினாள். "ரெண்டு கை கீறவங்களுக்கு இது தெரியாது மாமா. ஒரு கை கீறவளுக்குத்தான் ஒவ்வொரு எட்டும் கணக்கு" என்றாள். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. கைவலியில் ஏதோ கிறுக்குகிறாள் என்று நினைத்தேன்.

ரோஷினிக்கு அப்போதுதான் நான்கு கோட்டு நோட்டு கொடுத்திருந்தார்கள். சுரேகாவும் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டாள். அம்மாவும் மகளும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுவார்கள். இவள் இடது கையால். மகள் எட்டிப் பார்த்து, "கொம்பு கோட்டத் தாண்டிட்ச்சும்மா, மிஸ்ஸு பாத்தா திரும்ப எழுதச் சொல்வாங்க" என்று அதட்டும். இவள் பேசாமல் திரும்ப எழுதுவாள். ஆடியில் ஆரம்பித்தது, தீபாவளிக்குள் இருவருக்கும் எழுத்து வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் வரவில்லை.

மகளுக்குத் தலை பின்னுவதற்கு மட்டும் அவளுக்கு ஒரு கை பற்றவில்லை. ஒரு கற்றையை நான் பிடித்துக்கொள்கிறேன், இரண்டை அவள் மாற்றி மாற்றிப் போடுகிறாள். தினமும் காலையில் மூன்று கையால் பின்னுகிறோம். எழுபத்திரண்டு வயதில் எனக்கு இப்படி ஒரு வேலை.

தைப்பொங்கல் கழிந்து தங்கராஜ் வந்தார். ஆப்பிள், சாத்துக்குடியெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஆபீஸில் போன் எடுக்கிற வேலை போட்டுத் தருகிறேன், உட்கார்ந்தபடியே இருக்கலாம் என்றார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவள், "உக்கார வெக்கிற வேல வேணாம் சார். தெனம் காலையில மிஷின் ஓட்றதுக்கு முன்னாடி அர மணி நேரம் பிரஸ் ஷாப்ப என் கையில குடுங்க. அது போதும்" என்றாள். எதற்கு என்று கேட்டார். "ஒவ்வொரு பிரஸ்ஸா போயி ஒரு பட்டன மட்டும் அமுக்கிப் பாப்பேன். டை எறங்குச்சுன்னா சாவிய எடுத்துகினு வந்துருவேன்" என்றாள். அவர் ஆப்பிள் பையைச் சுவரோரம் தள்ளி வைத்தார். பிறகு, "சரிம்மா" என்றார். மனசில்லாமல் ஒப்புக்கொண்டவர்தான். ஆனால் ஒப்புக்கொண்டார், அதைச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் எனக்குப் பயமாக இருந்ததால் கூடவே போனேன். நான் முப்பத்தொரு வருஷம் பிரஸ் ஓட்டியவன். அந்த எண்ணெய் வாசனை உள்ளே போனதும் நானே வாசலில் நின்றுவிட்டேன். அவள் நேராக மூன்றாவது மிஷினுக்குப் போனாள். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு இடது கையால் ஒரு பட்டனை அமுக்கினாள், இறங்கவில்லை. அடுத்த மிஷின். ஐந்தாவதில் வேம்புலி நின்றிருந்தான். "இன்னா யக்கா, மிஷினுக்கு நாடி புடிக்கிற டாக்டர் ஆயிட்டியா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். இவள் பட்டனை அமுக்கினாள், டை தடால் என்று இறங்கியது. "ஆமாண்டா வேம்புலி. உன் மிஷினுக்கு ஜுரம். இன்னிக்கு அதுக்கு லீவு" என்று சாவியை உருவிக்கொண்டு நடந்தாள். ஷாப்பே சிரித்தது. வேம்புலி மட்டும் சிரிக்கவில்லை. பிறகு அவனும் சிரித்தான்.

புதிதாக ஆள் வந்தால் அவள் ஒன்று செய்கிறாள். பிரசங்கம் கிடையாது. வலது கையை நீட்டிக் கை கொடுக்கிறாள். அவ்வளவுதான். அவர்கள் நீட்டிய கைக்குள் கட்டை விரலும் உள்ளங்கையும் மட்டும் வரும். பீகார், ஒடிசாப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே, நம் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. அந்தக் கையைப் பிடித்தவன் எவனும் அதற்குப் பிறகு பட்டனைக் கட்டியதில்லை. மற்றவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த கை அது. அதையே நீட்டுவதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும், நீயே யோசித்துப் பார்.

ஆனால் எண்ணிக்கை குறைந்தது. ஷிப்டுக்கு ஆயிரத்து எண்ணூறு வந்த இடத்தில் ஆயிரத்து நானூறு. தங்கராஜ் முகம் சுண்டியது. ஆட்களும் முணுமுணுத்தார்கள், கணக்கு வராவிட்டால் அவர்களுக்கும் கஷ்டம்தானே. இத்தனை வருஷமாக நாம் எல்லோரும் கட்டியது அதற்காகத்தானே. அப்போதுதான் அந்தச் சாக்பீஸை ஷாப்புக்கு எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் வேம்புலிக்குப் பின்னால் நின்று தரையில் கோடு போட்டாள். தகடு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அடித்த பீஸை வலது பக்கம் குனிந்து போடுகிறான். அவன் நேரமெல்லாம் திரும்புவதிலும் குனிவதிலும் போகிறதே தவிர, பட்டன் அமுக்குவதில் போகவில்லை. தகட்டை இடது பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஏற்றினாள். அடித்த பீஸ் தானாகச் சரிந்து பெட்டியில் விழ ஒரு சறுக்கு வேண்டும் என்றாள். முதலில் அட்டைப்பெட்டியை வெட்டிக் கட்டிப் பார்த்தாள். பிறகு பழைய தகரம். பங்குனியில் அதே வேம்புலி, இரண்டு கையும் பட்டனில் வைத்தே, ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடித்தான். "யக்கா, இத்தினி வருஷம் முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சமா?" என்று கேட்டானாம்.

இப்போது தொழிற்பேட்டையில் ஆறு கம்பெனியில் அவளைக் கூப்பிடுகிறார்கள். காலையில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போகிறாள். எந்த மிஷின் சரி, எது சரியில்லை என்று அந்த இடது கை எழுத்தில் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலையை ஆரம்பிக்கிறார்கள். அந்த நோட்டை நான் படிக்க முடியாது. ஆனால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் சொல்ல வேண்டியது. ஜெபாவிடம் ஒரு சொல்கூட விடாமல் எழுது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம், ஐப்பசி மாதம். நான் இருந்த கம்பெனிக்கு முதல் முதலாக இரண்டு பட்டன் வைத்த பிரஸ் வந்தது. பச்சை பெயின்ட். வந்த நான்காம் நாள் என் சைக்கிளின் பழைய டியூபை வெட்டி ஒரு பட்டனைக் கட்டினேன். அந்த ஷாப்பில் முதலில் கட்டியவன் நான். மேஸ்திரி பார்த்தார், அவிழ்க்கச் சொல்லவில்லை. என் எண்ணிக்கையை மற்றவர்களுக்குச் சொல்லிக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் நீ முதல் நாள் வேலைக்குப் போனபோது, உன் அம்மாவுக்குத் தெரியாமல் உன் டிபன் பையில் ஒரு டியூப் துண்டை நான் போட்டேன். "இன்னா நைனா இது?" என்று கேட்டாய். "கணக்கு ஏறணும்னா இது இருக்கணும்" என்றேன். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. முப்பத்தொரு வருஷமும் என் பத்து விரலும் எனக்கு மிஞ்சின. அதனால் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான்.

பதினாலு மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னை ஊரே பேசியபோதும் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் ஒரு காலையில், ரோஷினிக்குப் பின்னிக்கொண்டிருந்தபோது, சுரேகாவிடம் சொல்லிவிட்டேன். கற்றை என் கையிலிருந்து நழுவியது. அவள், "கெட்டியாப் புடி மாமா" என்றாள். பிறகு, "தெரியும். கல்யாணம் ஆன புதுசுலயே அவரு சொல்லிக்கீறாரு" என்றாள். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்து மற்றதைச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

"ஆபீசர் கேட்டப்போ, கட்னது என் வூட்டுக்காரருதான் சார்னு சொன்னேன். பொய் சொன்னா நாளைக்கு இன்னொருத்தி கை போவும். ஆனா அதோட நிறுத்தல மாமா. கட்டிக்கீதுன்னு தெரிஞ்சேதான் நானும் உக்காந்தேன் சார், கத்திரிக்கோலு பக்கத்துலயே இருந்துச்சு, அறுத்துருக்கலாம், அறுக்கல, எனக்கும் கணக்கு வேண்டியிருந்துச்சு, அதனால அவர மட்டும் எழுதாதீங்கன்னு சொன்னேன். அவரு வார்டு வாசலாண்ட நின்னுகினு இருந்தாரு. மொத பேச்சக் கேட்டதுமே எறங்கிப் போய்ட்டாரு. கூப்ட்டேன். தொண்ட எழும்பல."

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எத்தினி வாட்டி போன் போட்டேன், எடுத்தாரா? நின்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் தேடிப் போயி ஒப்பிக்கணுமா?" என்று கோபமாகச் சொன்னாள். அந்தக் கோபத்தில் அவளுக்கு நியாயம் இருக்கிறது. அதனால்தான் அவள் எழுதாததை நான் எழுதுகிறேன். பாதியைக் கேட்டுவிட்டு நீ ஆயிரம் மைல் போய்விட்டாய், மகனே. மறுபாதி இங்கே ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்கிறேன். தங்கராஜ் செம்பரம்பாக்கம் பக்கம் புதிதாக ஒரு ஷெட் போட்டிருக்கிறார். பன்னிரண்டு பிரஸ். எதை எங்கே வைக்க வேண்டும் என்று சுரேகா தரையில் கோடு போட்ட பிறகுதான் போல்ட் இறக்கப் போகிறார்கள். சறுக்கு செய்ய இரண்டு ஆளை வைத்துப் பார்த்தார்கள். ஒருவன் செய்ததில் பீஸ் பாதியில் நிற்கிறது, இன்னொருவன் செய்ததில் தாண்டி வெளியே விழுகிறது. தங்கராஜ் தலையில் கை வைத்துக்கொண்டபோது, இவள் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "எங்க வூட்டுக்காரரு இருந்தா ஒரே நாள்ல வளச்சுக் குடுத்துட்டுப் போவாரு" என்றாளாம். தங்கராஜ் சொன்னார். அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உன்னை மன்னித்துவிட்டாளா என்று என்னைக் கேட்காதே. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, இல்லாததைச் சொல்ல மாட்டேன். நீ வந்து நின்றால் திட்டுவாள். நன்றாகவே திட்டுவாள். நின்று கேள். இந்தத் தடவை முழுதும் கேள். ரோஷினி உன்னைப் பார்த்ததும் ஓடி வராது, ஒரு நாள் இரண்டு நாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கும். அதற்கும் மனசை விட்டுவிடாதே.

ஆசிக் அங்கே லோடு இறக்கிவிட்டு வியாழக்கிழமை திரும்புகிறான். லாரியில் அவன் பக்கத்து சீட்டு காலி. உன்னைக் கட்டாயப்படுத்த வேண்டாம், வாசலில் நிறுத்தி ஒரு மணி நேரம் மட்டும் காத்திரு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மகனே, நீ அங்கே தனியாகச் சுமந்துகொண்டிருப்பது முழுக்க உன்னுடையது அல்ல. அதில் பெரிய பங்கு என்னுடையது, அதை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டேன், இனி ஊருக்கும் சொல்வேன். அவளுடைய பங்கை அவள் அன்றைக்கே ஆபீசர் முன்னால் எடுத்துக்கொண்டாள். மிச்சம் இருப்பது உன் பங்கு. அது ஒரு மனுஷன் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரக்கூடிய கனம்தான். தூக்கிக்கொண்டு வா.

வழியில் வேளைக்குச் சாப்பிடு. நல்லபடியாக வந்து சேர்.

உன் அப்பா,
அப்பாவு
(இடது கைப் பெருவிரல் ரேகை)